வன்முறை வீட்டிலிருந்து சொந்த வருமானம் வரை: துணை நிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உதவி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தையல் இயந்திரம்தான். மேடை போட்டு, போட்டோ எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் ஒரு பெண் நிமிர்ந்துவிடுவார் என்று நம்புகிறோம். அந்த இயந்திரம் போய்ச் சேரும் வீட்டில் யார் இருக்கிறார்கள், தைத்த காசு சாயங்காலம் யார் பைக்குள் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அடி விழுகிற வீட்டில் கூடுதல் வருமானம் சில நேரம் கூடுதல் அடியைத்தான் கொண்டுவரும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1000 ரூபாய் தன் கணக்கில் விழுகிற ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்: ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது?

பாதுகாப்பும் பணமும் தனித்தனி வேலைகள் அல்ல என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. தமிழ்நாட்டில் பக்கத்து வீட்டுக்காரராக, ஆசிரியராக, மகளிர் குழுத் தலைவியாக, சிறு அமைப்பின் தொண்டராக இந்த வேலையில் கைகொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் பேச்சு

முதல் நாளில் உங்கள் வேலை கேட்பது மட்டும்தான். "ஏன் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டாய்?" என்ற கேள்வி வாயில் வந்தாலும் விழுங்கிவிடுங்கள். "உடனே கிளம்பி வா" என்பதும் அதே அளவு தவறான பேச்சு. வெளியேறும் நேரமும் அதற்கடுத்த சில வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் சிலர் கொலை வரைக்கும் போகிறார்கள். எப்போது, எப்படி என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். அவர் வீட்டு நிலவரம் அவருக்குத்தான் தெரியும்.

ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கச் சில கேள்விகள் உண்டு. கழுத்தை நெரித்தது உண்டா? கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவது உண்டா? வீட்டில் அரிவாள், பெட்ரோல் போன்றவற்றைக் காட்டி மிரட்டியது உண்டா? சமீப மாதங்களில் அடி கூடியிருக்கிறதா? கர்ப்பமாக இருக்கிறாரா? இவற்றில் கழுத்து நெரிப்பை மட்டும் எப்போதும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது. அடுத்து வரக்கூடிய கொலை முயற்சிக்கான எச்சரிக்கையும்கூட.

கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: 18 வயதுக்குக் குறைந்த குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது. இதை அந்தப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

2. வெளியேறும் முன்: பை, போன், பணம்

அவசரமில்லாத நிலைமை என்றால் இந்தக் கட்டத்துக்கு இரண்டு, மூன்று வாரம் கொடுங்கள். இங்கே செலவிடும் நேரம் பின்னால் மாதக்கணக்கில் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

காகிதங்களை ஒரே நாளில் வெளியே எடுத்தால் தெரிந்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்து, நகல் போட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு அல்லது பத்திரிகை, கல்யாணப் போட்டோ, நகை வாங்கிய ரசீது. இதில் பலரும் விட்டுவிடுவது கடைசி மூன்றும். பெண்ணுக்குக் கொடுத்த நகையும் சீரும் அவருடைய சொந்தச் சொத்து. 1985-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் நகை இருந்தது என்பதற்கு ஏதாவது காட்ட வேண்டுமே, அதற்குத்தான் போட்டோவும் ரசீதும்.

அடுத்தது போன். கணவர் வாங்கிக் கொடுத்த போன் என்றால், அவர் அதைப் பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் வேறொரு போனோ கணினியோ இருக்கிறதா, கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு ஓடுகிறதா, கூகுள் கணக்கின் கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும் என்று பாருங்கள். பார்த்ததும் உடனே அணைத்துவிட வேண்டாம். திடீரென்று இருப்பிடம் மறைந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். வெளியேறும் நாள் வரை பழைய போன் பழையபடியே இருக்கட்டும். திட்டம் பற்றிய பேச்செல்லாம் வேறொரு போனில் நடக்கட்டும்.

பணம் விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். புதுக் கணக்கு திறந்தால் அதன் குறுஞ்செய்திகள் எந்த எண்ணுக்கு வரும்? ஆதாரில் பதிவான எண் கணவருடையது என்றால் ஓ.டி.பி. அவர் கைக்குத்தான் போகும். பாதுகாப்பான ஒரு எண்ணை வாங்கி, ஆதார் மையத்தில் நேரில் போய் எண்ணை மாற்றிவிட்டுப் பிறகு வங்கிக்குப் போவதே சரியான வரிசை. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத ஜன் தன் கணக்கு போதும். பழைய கணக்கு இருக்கும் கிளையை விட்டு வேறொரு வங்கியில் திறப்பது நல்லது. சின்ன ஊரில் வங்கி ஊழியர் மாமா முறையாக இருப்பது புதிதல்ல.

ஒரு குறிப்புச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். "அக்கா, அந்த ஜாக்கெட் தைச்சாச்சா?" என்று அவர் போன் செய்தால், கேள்வி கேட்காமல் 112 என்ற அவசர உதவி எண்ணை அழைப்பது உங்கள் வேலை.

3. எங்கே தங்குவது

அம்மா வீடு என்பதே பெரும்பாலோரின் முதல் பதில். அங்கே இடம் இருக்கலாம். "அனுசரிச்சுப் போம்மா" என்று திரும்பக் கொண்டுபோய் விடும் அண்ணனும் இருக்கலாம். இதை முன்பே எடைபோடுங்கள். கணவர் முதலில் தேடி வரும் இடமும் அதுதான்.

181 என்ற மகளிர் உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது. அதன் வழியாகவோ நேரிலோ ஒருங்கிணைந்த சேவை மையத்தை அணுகலாம். 2015-இல் 'சகி' என்ற பெயரில் நாடு முழுவதும் தொடங்கிய மையங்கள் இவை. மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி, போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். போலீசில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் தங்குவது தற்காலிகம், சுமார் ஐந்து நாள். ஐந்து நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆகவே முதல் நாளே 'சக்தி சதன்' போன்ற நீண்டகால இல்லத்துக்கு ஏற்பாடு கேளுங்கள். ஆண் பிள்ளை கூட இருந்தால் எத்தனை வயது வரை அனுமதி என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வாசலில் போய் நிற்கும்போது அது தெரியவருவது கொடுமை.

வேலை கிடைத்தபின் தமிழக அரசின் தோழி விடுதிகள், மத்திய அரசின் சகி நிவாஸ் விடுதிகள் உண்டு. தனியாக வாடகை வீடு தேடும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்விகள் நமக்கெல்லாம் தெரிந்தவைதான். வீட்டு உரிமையாளரிடம் நீங்களும் கூடப் போய் நின்றால் பாதிக் கேள்விகள் குறையும். அப்படி இருக்கக் கூடாது, ஆனால் இருக்கிறது.

எல்லோரும் வெளியேறித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அதற்கான சட்டம் அடுத்து வருகிறது.

4. புகாரும் நீதிமன்றமும்

காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. அங்கே டாக்டரிடம் "மாடிப்படியில் விழுந்துட்டேன்" என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும், ஏ.ஆர். நகல் என்று சொல்வார்களே, அதில். பின்னால் வழக்கு வரும்போது எதிர்த் தரப்பு வக்கீல் அதை விடவே மாட்டார். யார் அடித்தார், எதனால் அடித்தார் என்பதை உள்ளபடி சொல்லும்படி அந்தப் பெண்ணிடம் முன்பே சொல்லுங்கள்.

பிறகு காவல் நிலையம். தமிழ்நாட்டில் 1992-இல் தொடங்கியவை அனைத்து மகளிர் காவல் நிலையங்கள். அங்கே மனு கொடுத்தால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வழக்குப் பதிவு ஆகாது. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் வழக்கு. அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். எல்லை வேறு என்று திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த நிலையத்திலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' போடலாம். மனைவியைக் கணவரோ அவர் உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய பழைய 498ஏ பிரிவின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு இருக்கிறது. பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் நடுவர் நீதிமன்றம்.

இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்புவது நடைமுறையில் அதிகம் நடக்கிறது. சமரசமே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. "என் புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்ற வரி பெரும்பாலும் கடைசியில் இருக்கும்.

அடுத்தது, பலரும் முழுதாகப் பயன்படுத்தாத ஆயுதம்: 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். இது யாரையும் உடனே சிறைக்கு அனுப்புவதற்கான சட்டம் அல்ல, அதனால்தான் தயங்கும் பெண்களுக்குப் பொருத்தமானது. மனைவி மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழ்ந்த தாய், சகோதரி, கைம்பெண், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த பெண் எல்லோரும் இதில் மனு செய்யலாம். அடி மட்டுமல்ல, வசை, பாலியல் வன்முறை, சம்பளத்தைப் பிடுங்குவது, வீட்டுச் செலவுக்குத் தராமல் பட்டினி போடுவது எல்லாம் இதன்படி வன்முறைதான்.

மாவட்டத்தில் சமூக நலத் துறையின் கீழ் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவர் குடும்ப வன்முறை அறிக்கையைத் தயாரித்து நடுவருக்கு அனுப்புவார். அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், கணவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கிடைக்கக்கூடியவை: நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, குடியிருப்பு உத்தரவு, பண நிவாரணம், குழந்தைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் உரிமை, இழப்பீடு. குடியிருப்பு உத்தரவில் கணவரையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்ல முடியும். மாமியார், நாத்தனார் போன்ற பெண்களை அப்படி வெளியேற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். மருமகள் வாழ்ந்த மாமனார் வீடும் 'பகிர்ந்து வாழும் வீடு' ஆகலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால் மனுவோடு சேர்த்தே 23-ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேட்க வக்கீலிடம் சொல்லுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அந்த இடத்தில்தான் இது குற்ற வழக்காக மாறுகிறது.

வக்கீல் செலவு பற்றிக் கவலை வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100.

5. இளையோர் என்றால்

வயதுதான் வழியைத் தீர்மானிக்கும். 18-க்குக் கீழ் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண். நல்லெண்ணத்தில்கூட அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், கடத்தல் புகார் உங்கள் மேலேயே திரும்பும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். பாதியில் நின்ற படிப்பைத் தொடர வேண்டுமென்றால், 14 வயது வரை மாற்றுச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.

இல்லங்களில் வளர்ந்து 18 நிரம்பியதும் வெளியே வரும் இளைஞர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அவர்களுக்கு 21 வயது வரை பின்காப்பு உதவி உண்டு. அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்க ஒரு ஆள் தேவை; அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

சாதி மாறிக் காதலித்துத் திருமணம் செய்தவர்களுக்கு மிரட்டல் இருந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும்; பாதுகாப்பு இல்லம் அமைப்பதையும் மாநில அரசுகள் பரிசீலிக்கலாம் என்று அது சொல்கிறது. "பெற்றோரிடம் பேசிப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால், அந்த உத்தரவைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாகப் பாதுகாப்புக் கேளுங்கள். வீட்டில் துரத்தப்பட்ட திருநங்கை, திருநம்பி இளையோருக்கு 2008 முதல் இயங்கும் திருநங்கைகள் நல வாரியம் முதல் வாசல்; அடையாள அட்டை கையில் வந்தால்தான் மற்றத் திட்டங்கள் திறக்கும்.

6. வருமானம்: கூலி முதலில், தொழில் பிறகு

முதல் மாதத்தில் தொழில் தொடங்கச் சொல்லாதீர்கள். தூக்கமில்லாத, பயந்த, கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலையும் ஒருவரால் லாப நஷ்டம் பார்க்க முடியாது. அந்த மாதத்துக்குத் தேவை, நாள் முடிவில் அல்லது வார முடிவில் கையில் வரும் சம்பளம். ஹோட்டல் சமையலறை, கடை, பேக்கிங் வேலை எதுவாகவும் இருக்கட்டும். விசாரணை நாள்களில் விடுப்புத் தருவார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லா விடியல் பயணம் இருப்பதால் கொஞ்சம் தள்ளியிருக்கும் வேலையையும் பார்க்கலாம். பழைய வீட்டுக்காரர்கள் நடமாடாத பகுதியாக இருந்தால் நல்லது.

இளம் பெண்களைக் குறிவைத்து வரும் ஒரு வகை வேலையில் எச்சரிக்கை தேவை. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலி' என்ற பெயரில் நடந்தது நினைவிருக்கலாம். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்பார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வெளியேறினால் அது கிடைக்காது. பெயர் மாறியும் இந்த முறை வரும். சம்பளத்தின் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது, விடுதியை விட்டு வெளியே போக விடாதது, போன் வாங்கி வைப்பது என்று மூன்றில் எது இருந்தாலும் அந்த வேலை வேண்டாம்.

வேலைக்குச் சேரும் இடத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். குறைவாக இருந்தாலும், வீட்டு வேலை என்றாலும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சேர்ந்த வாரத்திலேயே இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, மூச்சு விட இடம் கிடைத்தபின் பயிற்சி. கிராமப்புறத்தவருக்கு முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் சாப்பாட்டோடு இலவசப் பயிற்சி கிடைக்கிறது. அரசு ஐ.டி.ஐ.களில் வெல்டிங், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளில் பெண்கள் சேரலாம். கூச்சத்தைத் தவிர வேறு தடை இல்லை, சம்பளமோ தையலைவிட நிலையானது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன். பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் முன், முடித்த பெண்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து, இப்போது என்ன சம்பாதிக்கிறீர்கள் என்று அந்தப் பெண்ணையே கேட்கச் சொல்லுங்கள். தையல் வகுப்புகள் இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலும் விழுகின்றன. ஒரே தெருவில் இருபது பேர் ஜாக்கெட் தைக்க முடியாது.

7. கடன்

மகளிர் சுய உதவிக்குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரியில் தொடங்கிப் பரவியவை. நல்ல குழு என்றால் வாரக் கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம் ஐந்தும் இருக்கும். பணத்தைவிட முக்கியமாக, வாரத்துக்கு ஒரு முறை அவர் முகத்தைப் பார்க்கும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கிடைப்பார்கள். முகத்தில் காயம் என்றால் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

குழுக் கடனையும் வீடு தேடி வரும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். இரண்டாவதில் பெயர் பெண்ணுடையது, செலவு கணவருடையது, வட்டி கட்டுவது மறுபடி பெண் என்ற கதை ஊருக்கு ஊர் உண்டு. ஏற்கெனவே அவர் பெயரில் எத்தனை கடன் ஓடுகிறது என்பதை முதலில் பட்டியல் போடுங்கள். எல்லா மாதத் தவணைகளும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக் கூடாது, வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. வாசலில் நின்று கத்துபவரிடம் இதைச் சொல்லலாம்.

புதிதாகத் தொழில் என்றால் ஆறு மாதமாவது அதே தொழிலில் கூலிக்கு வேலை பார்த்தபின் யோசிப்பது நல்லது. அடமானமில்லாத முத்ரா கடனில் 'சிசு' வகை 50,000 ரூபாய் வரை. அந்தத் தொகையே தொடக்கத்துக்குப் போதும். வங்கியில் கணவர் கையெழுத்துக் கேட்டால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

8. அவர் திரும்பிப் போனால்

போவார்கள். குழந்தை, பணம், ஊர்ப் பேச்சு, பாசம் என்று காரணங்கள் பல. ஒரு முறையோடு முழுதாக வெளியேறிவிடுபவர்கள் குறைவு. "உனக்காக இவ்வளவு செய்தேனே" என்ற கோபம் வந்தால் அதை உங்கள் நண்பர்களிடம் கொட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பெண்ணிடம் வேண்டாம். வங்கிக் கணக்கு மூடப்படாமல் இருக்கட்டும், வேலையை முடிந்தால் தொடரட்டும், குழுக் கூட்டத்துக்கு வருவது நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமரசம் ஆகிவிட்டது என்பதால் பிறகு நடக்கும் வன்முறைக்குப் புதிய மனு கொடுக்கத் தடை எதுவும் இல்லை. சி.எஸ்.ஆர். ரசீது, ஏ.ஆர். நகல், பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்; அடுத்த முறை நடுவர் முன் அவைதான் பேசும்.